சாஃப்ட்வேருக்கு மொய் வைத்த கம்பெனி

உலகத்திலேயே ஒரு சாஃப்ட்வேருக்கு நலங்கு வைத்த மனிதர் எங்கள் 'முகூர்த்தம்' ஒருவர்தான். அமெரிக்காவில் வேலை பார்க்கும் தோழியிடம்கூட விசாரித்துவிட்டேன். அங்கே இன்னும் அந்த அளவுக்கு முன்னேறவில்லையாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனி. அதில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் மேனேஜர் முகூர்த்தம், நான், பிறகு மழைக்காலத்தில் மட்டும் குளிரும் ஒரு ஏசி. அவருடைய நிஜப்பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ராகு காலத்தில் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய விடமாட்டார். ஹேங் ஆனால், நல்ல நேரம் வரும்வரை அது ஹேங் ஆனபடியே அணையா விளக்கு மாதிரி நின்று எரிய வேண்டும்.

நான் சேர்வதற்கு முன்பே கம்பெனி இரண்டு சாஃப்ட்வேர்களைக் காவு வாங்கியிருந்தது. முதலாவதை யாரும் தொடவே இல்லை, அதன் சி.பி.யூ மேல் ஸ்டோர்ஸ் ஆட்கள் வடகம் காயவைத்தார்கள். இரண்டாவதை எல்லோரும் தொட்டார்கள், ஆனால் வாட்ச்மேனின் பாஸ்வேர்டில். அந்த வருஷ ரிப்போர்ட்படி கம்பெனியின் மொத்த மோட்டாரையும் கேட்டில் உட்கார்ந்தபடியே வாட்ச்மேன் தன்னந்தனியாகச் செய்து முடித்திருந்தார்.

மூன்றாவது வந்தபோது முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "இதுவும் புட்டுக்கிச்சுன்னா செக்‌ஷனை இழுத்து மூடிடுவேன். ரெண்டு பேரும் வேற இடம் பாத்துக்கங்க."

திருநின்றவூரிலிருந்து ரயிலில் ஒற்றைக்காலில் நின்று வந்து பிடித்த முதல் வேலை. நான் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் புரட்டினேன். முகூர்த்தமோ பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"தங்கச்சி, புது சிஸ்டம்ன்றது ஊட்டுக்கு வர்ற மருமவ மாதிரி. திடீர்னு இட்டாந்து நிறுத்துனா யாரு சேத்துக்குவாங்க? முறையா செய்யணும்."

முறையாகவே செய்தார். டெமோவுக்குப் பெண் பார்க்கும் படலம் என்று பெயர். கேன்டீனில் பஜ்ஜி, கேசரி. லேப்டாப்புக்குப் பூச்சரம். தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பின் ஃபோர்மேன் காலை அகட்டி உட்கார்ந்து கேட்டார்: "பொண்ணு பாடுமா?"

முகூர்த்தம் பார்கோடு ரீடரால் ஒரு டப்பாவைத் தொட்டார். கீக் என்றது. "பாடிடுச்சு."

"ரெண்டு தபா தட்டுனாதான் பேசுது. கர்வம் புடிச்சதா கீது," என்றார் ஸ்டோர்ஸ்காரர், மூன்றாவது பஜ்ஜியை எடுத்தபடி. "பரவால்ல, நம்ம ஊட்ல வந்தா சரியாயிடும்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் பயிற்சி வகுப்புக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்தார்கள். சம்பந்தம் பேசி முடித்த பிறகு வராமல் இருக்க முடியுமா?

ஒரு கண்டம் மட்டும் பாக்கி. சிஸ்டம் ஓடத் தொடங்குமுன், ஒவ்வொரு பிரிவிலும் என்ன சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று அதில் ஏற்ற வேண்டும். மெயில் போட்டேன், கெஞ்சினேன், யாரும் கணக்குத் தரவில்லை. முகூர்த்தம் சிரித்தார். "கேட்டா எவன் குடுப்பான்? மொய் வெக்கச் சொல்லு, ஓடியாருவான்."

முகூர்த்த நாள். வாழைமரம், மைக் செட், வடை பாயசத்துடன் சாப்பாடு. லேப்டாப்புக்கு மஞ்சள் குங்குமம். நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்ய, முகூர்த்தம் மைக்கில் அறிவித்தார்: "ஸ்டோர்ஸ் சார்பா போல்ட்டு அஞ்சாயிரம்."

கை தட்டினார்கள். பிரஸ் ஷாப் ஃபோர்மேனின் மீசை துடித்தது. என்னிடம் குனிந்தார். "நம்மளது பத்தாயிரம்னு போடு."

"எண்ணுனீங்களா அண்ணே? எண்ணித்தான் போடணும்."

"சபையில வந்து எண்ணிக்கினு நிக்கச் சொல்றியா? என் மானம் இன்னாவறது?"

முகூர்த்தத்தைப் பார்த்தேன். "போடும்மா, மனசு நோகக்கூடாது," என்றார். ஸ்டோர்ஸ்காரர் திரும்பி வந்தார். விடவில்லை. இருபதாயிரம். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள், சிஸ்டத்தின்படி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அடியில் ஒரு போல்ட் சுரங்கமே இருந்தது.

மறுநாள் சிஸ்டம் பேசியது: பேரப்பிள்ளைகள் காலம்வரை போல்ட் வாங்கவே வேண்டாம். வாங்குவது நின்றது. அந்த வாரமே மோட்டார் பூட்ட போல்ட் இல்லை. சரக்கெடுக்க வந்த லாரி கேட்டில் நின்றது. டிரைவர் அதன் அடியிலேயே பாய் விரித்துவிட்டார். முதலாளி கோபத்தில் எங்கள் ஏசியை அணைத்துவிட்டுப் போனார்.

"எண்ணிடலாம் அண்ணே," என்றேன்.

"எண்ணுனா அவங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடும்," என்ற முகூர்த்தம் மறுபடி மைக்கைப் பிடித்தார். "யாரு தன் கையில கொறைச்சலா இருக்குன்னு பெரிய மனசோட ஒத்துக்கிறாங்களோ, அவங்களுக்குப் பொன்னாடை."

பொன்னாடைக்கும் போட்டி. ஸ்டோர்ஸ்காரர் ஒன்றுமில்லை என்றார். ஃபோர்மேன் எழுந்தார்: "எங்ககிட்ட ஒண்ணுமே இல்லாததுக்கும் கீழ கீது." அதையும் ஏற்றச் சொன்னார். சிஸ்டம் பதறிப்போய், கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் போல்ட் ஆர்டரைத் தானாகவே தட்டிவிட்டது.

வண்டி வண்டியாக வந்து இறங்கியது. ஸ்டோர்ஸ் நிரம்பி, சைக்கிள் ஸ்டாண்ட் நிரம்பி, மூட்டைகள் முதலாளியின் கார் ஷெட் வரை வந்தன. மோட்டார்கள் பூட்டப்பட்டு லாரியும் கிளம்பியது. அதன் பிறகுதான் எல்லோருமாக உட்கார்ந்து எண்ணினோம். முதல் நாள் மைக்கில் சொன்ன மொய்க்குக் கிட்டத்தட்ட சரியாக இருந்தது.

"நான் வெச்ச மொய் பொய்யில்ல பாத்தியா?" என்று ஃபோர்மேன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதலாளி அதை ரசிக்கவில்லை. எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார்: "யாரு வேலை இது?"

"என்னோடதுதான் சார். இந்தப் புள்ள மொத நாளே எண்ணச் சொல்லுச்சு. நான்தான் கேக்கல," என்றார் முகூர்த்தம். பஞ்சாங்கம் பார்க்காமல் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

செக்‌ஷனை மூடவில்லை. மூடவும் முடியாது, விருந்து சாப்பிட்டு மொய் வைத்த வீட்டை யார் கைவிடுவார்கள்? ஃபோர்மேன் தினமும் தன் சொந்தப் பாஸ்வேர்டில் உள்ளே போய், சிஸ்டத்தைப் பார்த்து "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கணக்கு ஏற்றுகிறார். செக்‌ஷனை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். மிஞ்சிய போல்ட்டுகளை வெள்ளானூர் கிடங்குக்கு அனுப்பிய முதலாளி, அதே வண்டியில் முகூர்த்தத்தையும் ஏற்றிவிட்டார்.

போன வாரம் முகூர்த்தம் போன் செய்தார். கிடங்குக்கும் சிஸ்டம் வருகிறதாம், வரும் வெள்ளிக்கிழமை நாள் குறித்துவிட்டாராம்.

"பொண்ணூட்டு சார்பா நீதான் தங்கச்சி முன்னாடி நிக்கணும்."

"இந்தத் தடவையாவது எண்ணியாச்சா அண்ணே?"

"நீ வராம எப்படி எண்ணுறது?"

முதலாளியிடம் இன்னும் லீவு கேட்கவில்லை. பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன்.