குரவை ராத்தா கதவைச் சாத்திய நாள்

கல்முனைப் பக்கத்தில் ஊருக்கே அக்காவான குரவை ராத்தா வராத கலியாணம் மார்க்கப்படி செல்லும், ஊர்ப்படி செல்லாது. மருதமுனையில் மாப்பிள்ளை படியேறும்போது அவர் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டால், அடுத்த ஊர்ப் பாண்டிருப்பில் கட்டியிருக்கும் மாடு கயிற்றை அறுக்கும். பிறகு பெண்கள் நடுவே நின்று மாப்பிள்ளையின் உம்மா, மாமி, மச்சி என்று ஒவ்வொருவராய் நடித்துக் காட்டுவார். நடிக்கப்பட்டவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் நாற்பது வயதில் உளவியல் படிக்கப் போகிறேன் என்றதும் ஊர் திகைத்துப் போனது.

"உனக்கென்னகா, விசரா புடிச்சிரிக்கி?" என்று கேட்டார் அவருடைய உம்மா.

"அதத்தான் உம்மா படிக்கப் போறன்."

படித்தும் முடித்தார். அடுத்த அதிர்ச்சி, வீடு. எங்கள் ஊரில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுத்தால்தான் கலியாணம். உயிருள்ளவரை அவள் அதை விடமாட்டாள். ராத்தாவோ தன் சீதன வீட்டை, மனம் நொந்து வரும் பெண்களுக்கென்று அறக்கொடையாக வக்பு செய்துவிட்டு, அடுப்படிக் குசினியோடு ஒட்டிய ஒற்றை அறைக்குக் குடிபோனார்.

"உங்கட மாப்பிள்ள என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பொண்டாட்டி ஊட்டுக்கு வந்த மனிசன். நான் இரிக்கிற இடந்தான் அவருக்கு ஊடு."

அவருக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதே வாயோடுதான் என் தங்கச்சியை அவரிடம் கூட்டிப் போக வேண்டி வந்தது.

தங்கச்சிக்குத் தலைப்பிள்ளை கிடைத்து ஒரு மாதம். அவள் ஒரு சொல் கதைக்கவில்லை, பிள்ளையைத் தூக்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்தோம். டாக்டர் மாத்திரை தந்து, யாரிடமாவது மனம்விட்டுக் கதைக்க வையுங்கள் என்றார். அவளை இழந்துவிடுவோமோ என்று இரவெல்லாம் அவள் பாயருகே விழித்திருந்தேன்.

நாங்கள் ராத்தாவிடம் போகிற செய்தி எப்படியோ பரவிவிட்டது. போய் இறங்கினால் முற்றம் முழுக்கப் பெண்கள்! பிளாஸ்டிக் கதிரையோடு சாய்ந்தமருது மாமி. மடி நிறைய வறுத்த கச்சான் கடலையோடு இரண்டு மச்சிமார். முன்வரிசைக்குச் சண்டை வேறு.

"என்ன மாமி இது?"

"ராத்தா கதைக்கப் போறாவாம்கா. நாங்களும் சிரிச்சி எத்தின நாள்!"

ராத்தா வெளியே வந்தார். அவர் முகத்தைக் கண்டதுமே கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. தங்கச்சியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டேன். மரியாதை அவ்வளவுதான் எனக்கு. உள்ளே ஒரு சத்தமுமில்லை. ஊரையே கலக்கிய அந்த வாய் முழுதாய் அரை மணித்தியாலம் சும்மா இருந்தது! பிறகு என் தங்கச்சியின் குரல் கேட்டது.

"ராத்தா, எனக்கு இந்தப் புள்ளயப் புடிக்கல்ல."

எந்தத் தாய் இப்படிச் சொல்வாள்? ராத்தா இப்போது ஓங்கி அறையப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஓம், வெளங்குது மகள்," என்றார் ராத்தா. "இன்னும் சொல்லு."

தங்கச்சி ஓவென்று அழுதாள். முற்றத்தில் கச்சான் கொறிக்கிற சத்தம் நின்றது. கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள்.

அதன் பிறகும் பல மாதம் அங்கே போய்வந்தோம். இதை எழுதச் சொன்னதும் தங்கச்சிதான். இப்போது அவள் பிள்ளையைக் கொஞ்சுகிற சத்தத்தில் எனக்குப் பகலில் கண்ணயர முடிவதில்லை. அது கேட்கும்போதெல்லாம் ராத்தாவுக்காக அல்லாஹ்விடம் ஒரு துஆக் கேட்டுவிடுகிறேன். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவார், அதை என்னால் தாங்க முடியாது.