மாப்பிள்ளை மட்டைக்குக் கேஸ்கட் போட்ட விவரம்

கோனியம்மன் துணை

கணபதி,
கோயமுத்தூர்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மதன்குமார் அவர்களுக்கு மாமா பொங்கியண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை ராசாத்தாளும், ஆடிக்கு வந்திருக்கும் நம் பிரவீனாவும் நலமாக இருக்கிறோம். உங்கள் டேபிள் டென்னிஸ் மட்டை மட்டும் நலமாக இல்லை. அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பம்பு செட் பட்டறையில் மோட்டார் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் என் காது பாதி போய்விட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும், ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். வாட்ஸ்அப் என்றால் நான் சொல்லச் சொல்லப் பிரவீனாதான் டைப் அடிக்க வேண்டும். நீங்களோ பிரவீனாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே கூரியர்.

போன வாரம் நீங்கள் கூப்பிட்டபோது பெண்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். "மாமா, ஒரு பார்சல் வருமுங்க. மட்டைக்கு ஒட்டற ரப்பர் சீட்டுங்க. வாங்கி வெச்சுருங்க, போதும். பிரவீனாகிட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்றீர்கள். நானும் கல்யாணம் ஆனவன்தான். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் ஓர் ஆண்பிள்ளை ஒரு சாமான் வாங்குவதில் உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும். புது டிரில் மிஷினைச் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக் குடும்பம் நடத்தியவன் நான். கல்யாணமான நாளிலிருந்து நம் இருவருக்குள் நடக்கும் பேச்சு உங்களுக்கே தெரியும். நான் வாங்க என்பேன். நீங்கள் எழுந்து நிற்பீர்கள். உட்காருங்கள் என்பேன். உட்காருவீர்கள். உங்கள் சொந்த ஊர் அன்னூரில் மழை உண்டா என்பேன். தூறல் என்பீர்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படிப்பட்ட நீங்கள் என்னை நம்பி ஒரு ரகசியத்தை ஒப்படைத்தது எனக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தச் சந்தோஷம்தான் காரணம்.

பார்சல் வந்தது. மேலே பிரவீனா பெயர் இருந்தது, விலாசம் அவள் பெயரில் பதிவாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். உள்ளே சிவப்பில் ஒரு சீட்டு, கருப்பில் ஒரு சீட்டு, சின்னப் பாட்டிலில் பால் போல ஒரு பசை. மட்டை எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பிரவீனாவை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று மாடி அறை அலமாரி மேலிருந்து நீங்கள் அதை இறக்கி, பழைய ரப்பரை உரித்து, ஸ்கேல் வைத்து அளந்து, சத்தமில்லாமல் மறுபடி மேலே வைத்ததை நான் பார்த்தேன். இவ்வளவு பதனமாக வைக்கிறாரே, உயிருக்கு உயிரான மட்டை போலிருக்கிறது என்று அன்றே நினைத்தேன். பிடி கொஞ்சம் சின்னதாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கை சின்னது என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் வாங்கி வைக்க மட்டும்தான் சொன்னீர்கள். ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு, வேலை பார்க்கும் ஓசூரிலிருந்து பஸ் ஏறி வருகிற மாப்பிள்ளை, முதல் ஆடி விருந்துக்கு வந்த இடத்தில், கையில் பசையைப் பூசிக்கொண்டு உட்கார்ந்து ரப்பர் ஒட்டுவதை எவராவது பார்த்தால் எங்களை என்ன நினைப்பார்கள்? நீங்கள் தண்ணீர்ச் செம்பை நீங்களே எடுத்ததற்கே உங்கள் அத்தை என்னிடம் அரை நாள் பேசவில்லை. அதிலும் நான் யார்? ஆயுள் முழுக்கப் பம்பு பிளேஞ்சுக்கு, அதாவது குழாய் சேரும் இரும்பு வளையத்துக்கு, தண்ணீர் ஒழுகாமல் ரப்பர் கேஸ்கட் வெட்டி ஒட்டியவன். ரப்பர் சீட்டை ஒரு தட்டையான சாமான் மேல் ஒட்டுவதுதானே வேலை. நீங்கள் வரும்போது மட்டை தயாராக இருந்தால், மழையை விட்டுவிட்டு அதைப் பற்றியாவது நாம் பேசலாம் என்று தோன்றியது. பிரவீனா குளிக்கப் போன நேரம் பார்த்து மட்டையையும் அதோடு இருந்த பந்தையும் கீழே இறக்கி வந்துவிட்டேன்.

பசையை முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. கோட்டைமேட்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் கரீம் பாய் எனக்கு வெகுநாள் சிநேகிதர் என்பது உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் உங்களுக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்தவர். அவரை வரச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் வைத்துப் பாட்டிலை நீட்டினேன். "ஏனுங் பாய், வாசனை இல்லாததெல்லாம் பசையாகுமா?" என்றேன். அவர் மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆகாதுங்ணா. மூக்குல ஏறோணும், கண்ணுல தண்ணி வரோணும். அப்பத்தான் ஒட்டும்" என்றார். இரண்டு தொழில்காரர்கள் ஒரே முடிவுக்கு வந்த பிறகு மேலே யோசிக்க என்ன இருக்கிறது? பாட்டிலை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை ஊறுகாய் ஜாடிகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்ட எடுத்துக்கொண்டாள்.

அடுத்து எதைப் போட்டு ஒட்டுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை வந்தது. பாய் செருப்பு ஒட்டும் சொல்யூஷன்தான் சரி என்றார். கேஸ்கட்டுக்கு ஷெல்லாக் என்கிற அரக்குப் பசைதான் என்பது என் கட்சி. பேச்சு வளர்ந்து, அவர் நான் பழுது பார்த்த பம்புகளில் எது எது ஒழுகியது என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் விற்ற செருப்புகளில் எது எது வாயைப் பிளந்தது என்று சொன்னேன். கடைசியில் மட்டைக்கு இரண்டு பக்கம் இருப்பது நல்லதாகப் போயிற்று. சிவப்பு அவருக்கு, கருப்பு எனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டோம்.

சிவப்புப் பக்கத்தைப் பாய் நன்றாகத்தான் செய்தார். மரத்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ரப்பருக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சில் சொல்யூஷனைத் தாராளமாகத் தடவி, காய வைத்தார். காயக் காய அந்த ஸ்பாஞ்சு பூரி மாதிரி உப்பிச் சீட்டு முழுக்க வளைந்துகொண்டது. "ஜோரா எழும்புதுங்ணா, நல்ல சரக்கு" என்று சொல்லி, அழுத்தி ஒட்டி, தோல் அறுக்கும் கத்தியால் ஓரத்தை மட்டையின் அளவுக்கே சீவிவிட்டார். உப்பலோடு சீவியதுதான் பிசகு. மறுநாள் உப்பல் வடிந்து சீட்டு சுருங்கி, சுற்றிலும் ஒரு விரல் மரம் தெரிந்தது. தம்பி சட்டையை அண்ணன் போட்டதுபோல இருந்தது.

கருப்புப் பக்கம் நான் செய்தது. ஷெல்லாக்கைப் பூசி, சீட்டை மேலே போட்டு, கேஸ்கட் வெட்டும் முறைப்படி உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தேன். பிளேஞ்சின் விளிம்பில் சுத்தியல் பட்டால் ரப்பர் தானாகவே அளவாகத் துண்டாகும், கத்தியே வேண்டாம். பாய் குறுக்கே கையை நீட்டினார்.

"தட்டாதீங்ணா. அது மரமுங்க."

"இரும்புலயே தட்டி வெட்டுன கை பாய் இது."

"இரும்பு தாங்குமுங்ணா."

"இரும்பே தாங்குது, மரம் தாங்காதா?"

இதற்குப் பதில் மட்டைதான் சொன்னது. ஓரத்தில் பலகை அடுக்கு அடுக்காக வாயைத் திறந்தது, எலி கடித்த நோட்டுப் புத்தகம் போல. திறந்த வாய்க்குள்ளும் ஷெல்லாக்கை ஊற்றி, இரண்டு தகட்டுக்கு நடுவே வைத்து, பட்டறை வைஸ் இடுக்கியில் மாட்டி என் பலம் உள்ளமட்டும் இறுக்கினேன். இவ்வளவும் பிரவீனா மாடியில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. உங்கள் ரகசியம் வெளியே போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

பிறகு சாப்பாட்டு மேஜையில் சோதனை வைத்தோம். சிவப்புப் பக்கத்தால் பாய் லேசாகத் தொட்டார். பந்து நேராக மேலே போய் ஃபேனில் பட்டு, அங்கிருந்து சமையல்கட்டுக்குள் பறந்து, உங்கள் அத்தை இறக்கி வைத்த கொள்ளு ரசத்தில் விழுந்தது. கழுவி எடுத்து வந்து கருப்புப் பக்கத்தால் நான் ஓங்கி அடித்தேன். பந்து மேஜை மேல் தொப்பென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஷெல்லாக் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிக் கல்லாகிவிட்டது. ராசாத்தாள் மட்டையை வாங்கி இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மாப்ள இத வெச்சுப் பந்து அடிக்கறதுங்களா, தோசை திருப்பறதுங்களா?" என்றாள். பாய் கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

உரித்துவிட்டு முதலிலிருந்து செய்யலாம் என்று பார்த்தேன். கருப்புச் சீட்டை இழுத்தால் கூடவே ஒரு அடுக்கு மரமும் வருகிறது. சிவப்பை இழுத்தால் ரப்பர் மட்டும் கையோடு வந்து, ஸ்பாஞ்சு மரத்திலேயே நிற்கிறது. பாயின் சொல்யூஷனை நான் குறைவாகப் பேசியது தவறு. அது நன்றாகவே ஒட்டுகிறது.

மாப்பிள்ளை, நடந்தது இதுதான். எதையும் மறைக்கவில்லை. கரீம் பாய் மேல் ஒரு வருத்தமும் வேண்டாம், வரச் சொன்னவன் நான், முழுப் பொறுப்பும் என்னுடையது. உங்கள் பொருளை உங்களைக் கேட்காமல் தொட்டது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த மட்டையை அளந்த அழகு என் கண்ணிலேயே நிற்கிறது, அதனால்தான் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் இருந்தால் எனக்குப் போன் செய்து திட்டுங்கள், ஸ்பீக்கரிலேயே திட்டினாலும் சரி. ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு ஆடிப் பதினெட்டுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். வந்து, பழையபடி நான் மழையைப் பற்றிக் கேட்டு நீங்கள் தூறல் என்று சொன்னால்கூட எனக்குப் போதும். வேறு மட்டை வாங்கி வைத்துவிடுகிறேன். ஆனால் நம் வீட்டில் நீங்கள் பசையைத் தொடக் கூடாது, அது மட்டும் நடக்காது. பிரவீனாவுக்கு இந்த விஷயம் கடைசிவரை தெரியாது, அதற்கு நான் ஜவாப்தாரி.

அன்னூரில் சம்பந்தியம்மாவுக்கும் சம்பந்திக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். கை கால் சுகத்தோடும், பிள்ளை குட்டிகளோடும், நல்ல மட்டையோடும் நீங்கள் நீடூழி வாழ மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
பொங்கியண்ணன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் பிரவீனா சிரித்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "ஏனுங்ப்பா, எம் பொறந்தநாளுக்கு அவுரு எம் மட்டைக்கு ரப்பர் சீட்டு அனுப்பிச்சாராமா? உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாரு. எங்கீங்ப்பா?" என்றாள். நாங்கள் நட்சத்திரம் பார்த்துத்தான் பிறந்தநாள் வைப்போம், இங்கிலீஷ் தேதி யாருக்கு நினைவிருக்கிறது? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "காலேஜ்ல அத்தன கப்பும் அந்த மட்டையிலதானுங்க வாங்குனா. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள், உருமாறிப் போனதை அதுவரை மாப்பிள்ளை மட்டை என்றே நம்பியிருந்த ராசாத்தாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாது மாப்பிள்ளை. ஆவணியில் கிளப் போட்டியில் நீங்கள் இருவரும் ஜோடியாக ஆடப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் இப்போதுதான் தெரியும்.

ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அது வேறு இடத்தில் தேவைப்படுகிறது. ஆடிப் பதினெட்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாமுங்க, கடிதம் கண்டதும் பஸ் ஏறிப்போடுங்க. வரும்போது அதே மாதிரி மட்டை, அதே மாதிரி சீட்டு. மரியாதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இங்கே உட்கார்ந்து நீங்களே ஒட்டிப்போடுங்க, நான் பக்கத்தில் விசிறிக்கொண்டு நிற்கிறேன். பசை வாங்க வேண்டாம். உங்கள் அத்தையிடம் மிச்சம் இருக்கிறது, இந்த உறையைக்கூட அதில்தான் ஒட்டப் போகிறேன். ஜாடிச் சீட்டில் உரித்துப் பார்த்தேன், வாசனை இல்லாவிட்டாலும் சுத்தமாகக் கழன்று வருகிறது.

இன்னொன்று. கரீம் பாய் மேல் வருத்தம் வேண்டாம் என்று எழுதிய வரியை அடித்துவிடவும். இரண்டு பக்கத்தையும் ஒட்டியது பாய்தான். பாயிடம் பேசிவிட்டேன், சரி என்று ஒத்துக்கொண்டார். பிரவீனா கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிப்போடுங்க. அவ ஒருத்தி, நாம மூணு பேருங்க மாப்ள. இருந்தாலும் எனக்குப் பயமா இருக்குதுங்க. சீக்கிரம் வாங்க.