ரத்தினவேலர் சின்னக் கேமரா தேர்ந்த பெரும்போர்

முக்காலி ஏந்திய மொய்ம்பனே! கருந்துணி முடி தரித்த காவலனே! "அசையாதீங்க" என்னும் ஒற்றைச் சொல்லால் மிராசுதாரையும் மிருதங்க வித்துவானையும் மூச்சடக்கி நிற்க வைத்த பேராற்றலனே! புதுக்கோட்டைக் கீழராஜ வீதியின் புகைப்படச் சிங்கமே, ரத்தினவேலரே, நீர் வாழ்க! சின்னஞ்சிறு எலியின் முதுகில் பெரிய மேனியை நம்பி ஏற்றிய ஆனைமுகன் இந்தச் சின்னஞ்சிறு போரின் பெரிய கதைக்குத் துணை நிற்பாராக!

ரத்தினவேலரின் படைக்கலம் தேக்குமரத்தால் ஆனது. பித்தளைப் பூண் இட்டது, மடிமடியான தோல் துருத்தி உடையது, கண்ணாடிப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கி உருவங்களைக் கக்குவது. அது வெளியூர் புறப்படும் நாளில் வண்டிக்காரன் மதுரைவீரனின் மாட்டு வண்டியில் அதுவே அமரும். ரத்தினவேலர் பின்பலகையில் தொங்கிக்கொண்டு வருவார். அத்தகைய பெருங்கேமரா, உலகம் முழுவதும் யுத்தத்தில் வெந்துகொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், சித்தன்னவாசலுக்கு அருகே ஒரு குடிசை வாசலில் தோற்றது.

அந்தக் குடிசையில் முத்துமாரியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். அவருடைய ஒரே மகன் இருளாண்டி பட்டாளத்தில் இருந்தான். 'ஆத்தா மொகத்த ஒரு தடவ பாக்கணும், படம் புடிச்சு அனுப்புங்க' என்று எழுதியிருந்தான். அவனோடு அதே பட்டாளத்தில் இருக்கும் குழந்தைசாமி லீவில் ஊர் வந்திருந்தார். சனிக்கிழமை காலை அவர் திரும்பிப் போகிறார். அதற்குள் படம் அவர் கைக்கு வந்தாக வேண்டும். தபாலை நம்பினால் அது எந்தக் காட்டில் யாரைத் தேடுமோ?

வாசல் நிலை குனிந்து நுழையும் உயரம். முக்காலியின் மூன்று கால்களை விரித்தால் கட்டிலுக்கு இடமில்லை, கட்டிலை விட்டால் முக்காலிக்கு இடமில்லை. வண்டிக்கார மதுரைவீரன் தலையைச் சொறிந்தான். "ஐயா, ஒண்ணு வீட்ட இடிக்கணும், இல்ல ஒங்க கேமராவ இடிக்கணும்." ரத்தினவேலர் நெஞ்சு நிமிர்த்திச் சபதம் செய்தார்: "ஆத்தா, வர்ற வெள்ளிக்கெழம சட்டப்பையில கேமராவோட வாரேன்!"

"சட்டப்பையிலயா? பொடிமட்ட வைக்கிற எடத்துலயா?" என்று கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

இனிக் களம் மாறுகிறது. கீழராஜ வீதியில் செபமாலையின் மருந்துக்கடை. இருமல் மருந்துக்கும் வயிற்றுவலி உப்புக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பேழை, அதனுள் யுத்தத்துக்கு முன்பு கப்பலில் வந்து சேர்ந்த இரண்டே இரண்டு கைக்கேமராக்கள். ஒருவன் அகலக்கண்ணன். அவன் லென்ஸ் பூனைக்கண் போல அரையிருட்டிலும் பார்க்கும், ஆனால் சட்டைப்பையில் நுழைத்தால் பாதி உடம்பு வெளியே நின்று ஊரை வேடிக்கை பார்க்கும். மற்றவன் பைச்சிறியான். சோப்புக்கட்டி அளவில் மடங்கிப் பைக்குள் துயில்கொள்வான், ஆனால் அவன் கண் சிறியது, நல்ல வெளிச்சம் இல்லையேல் எதுவும் தெரியாது.

கண்ணா? பையா? இதுவே கேள்வி. கண்ணே வேண்டுமென்று அறிவு முழங்கியது. 'சட்டைப்பையில் கேமரா' என்று வீதி முழுக்கச் சொல்லித் திரிந்துவிட்ட நாவோ, பையே வேண்டுமென்று பதில் முரசு கொட்டியது. திங்கட்கிழமை அகலக்கண்ணன் வென்றான். செவ்வாயன்று பைச்சிறியான் படை திரட்டி மீண்டான். புதனன்று ரத்தினவேலர் இருவரையும் இரு கைகளில் ஏந்தித் தராசு போல ஏறியிறங்கி நின்ற கோலத்தைக் கண்டு, இருமல் மருந்துக்கு வந்தவர்கள் இருமலை மறந்து நின்றார்கள்.

வியாழக்கிழமை அவர் திருக்கோகர்ணம் போய்ப் பிரகதாம்பாள் சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டு நின்றார். குருக்கள் எடுத்துக் கொடுத்த இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ சிரித்தது. ஆகா, தீர்ந்தது போர்! அம்பாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்! ரத்தினவேலர் கொடிமரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், எழுந்தார், வெற்றிநடை போட்டார், பாதி வழியில் நின்றார். வெள்ளை என்று அகலக்கண்ணனை நினைத்தாரா, பைச்சிறியானை நினைத்தாரா? நினைவுக் கோட்டையின் எல்லா வாயில்களையும் தட்டினார், ஒன்றும் திறக்கவில்லை.

வீட்டில் மனைவி அமராவதி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அம்பா பாட்டுக்குச் சொல்லிட்டா. என்ன கேட்டோம்னு ஒங்களுக்குத் தெரியல. திரும்பப் போயி, 'நான் என்ன கேட்டேன் தாயே'ன்னு கேக்கப் போறீங்களா?"

வெள்ளி விடிந்ததும் வீரர் கடைக்கு ஓடினார். கண்ணை மூடினார், பெருமையைக் காலடியில் போட்டு மிதித்தார், வலக்கையை வேல் போல நீட்டி அகலக்கண்ணனைச் சுட்டினார். "இவன்தான்! பை கிழிஞ்சாலும் சரி!"

செபமாலை மெல்லக் கேட்டார். "சரிண்ணே. பிலிம் வச்சிருக்கீங்களா?"

"பிலிம் எதுக்கு? எங்கிட்ட பிளேட்டு ரெண்டு டஜன் இருக்குல்ல. அளவுக்கு அறுத்துக்கிறேன்."

"ஐயோ அண்ணே, இது சுருள் பிலிம் கேமரா. கண்ணாடியச் சுருட்டவா முடியும்?"

இருபது ஆண்டுகள் கண்ணாடியையே கட்டி ஆண்ட பேரரசர் வாய் பிளந்து நின்றார். நான்கு நாள் போரில் எதிரியின் பல்லையும் நகத்தையும் அளந்தவர், அவன் என்ன சாப்பிடுவான் என்று கேட்கவே இல்லை!

"இந்தப் பெரியதுக்குப் பிலிம் கப்பலேறி வருசம் ரெண்டாச்சு, இன்னும் எறங்கல" என்ற செபமாலை, மேசை இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு சிறு சுருளை எடுத்து நீட்டினார். "சின்னதுக்கு இந்த ஒண்ணுதான் இருக்கு. எட்டுப் படம் எடுக்கலாம். எம் மக சர்ச்சுல மொத மொதலா நற்கருணை வாங்குற புதுநன்மைக்குன்னு எடுத்து வச்சேன்."

"அப்ப வேணாம் தம்பி. புள்ளைக்குன்னு வச்சத எப்புடி..."

"எம் மகள ஒங்க பெரிய கேமராவுல எடுங்கண்ணே. அவ நடந்து வருவா. அந்த ஆத்தா எப்புடி வரும்?"

ஓ செபமாலையே! கோட்டை கொடுத்தவர்களும் யானை கொடுத்தவர்களும் கல்வெட்டில் இருக்கிறார்கள். சுருள் பிலிம் கொடுத்த உம்மை, எந்தக் கல்லும் இல்லாவிட்டாலும் கர்த்தர் எழுதி வைத்துக்கொள்வார்.

நடுப்பகலில் மதுரைவீரனின் வண்டி குடிசை வாசலில் நின்றது. கவிழ்த்து வைத்த நெல்லளக்கும் மரக்கால் மீது பைச்சிறியான் ஏறி அமர்ந்தான். ஆனால் உள்ளே இருட்டு! அவன் சின்னக் கண்ணுக்குக் கட்டிலும் தெரியாது, ஆத்தாளும் தெரியாது. ரத்தினவேலர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அப்போது பக்கத்து வீட்டு இருளாயி புளி போட்டுத் துலக்கிய தாம்பாளத்தைத் தெருவில் காயவைக்க, அதில் பட்ட வெயில் அம்பாகத் திரும்பி அவர் கண்ணில் தைத்தது.

"தாயே!" என்று அலறினார். "ஊருல உள்ள தாம்பாளத்தையெல்லாம் கொண்டாங்க!"

எழுந்தது படை! அடுப்படியிலிருந்தும் பரணிலிருந்தும் பித்தளைத் தாம்பாளங்கள் கேடயங்களாகப் புறப்பட்டன. தெருவில் இருவர் சூரியனைப் பிடித்து வாசலுக்கு எறிந்தார்கள். வாசலில் நின்றவள் அதை ஏந்தி உள்ளே எறிந்தாள். கட்டில் காலடியில் நின்ற இருளாயி அதைத் தாங்கி முத்துமாரியம்மாளின் முகத்தில் பூசினாள். ஏழு வருஷமாகப் பேசாதிருந்த இரு ஓரகத்திகள், "இன்னுங் கொஞ்சம் சாய்ச்சுப் புடிடி" என்று பேசிக்கொண்டதும் அந்தக் களத்தில்தான்.

"என்னடி இது, தாம்பாளமா வருது? எனக்கா சீர்வரிச?" என்றார் ஆத்தாள். குடிசை அதிர்ந்தது. முதல் படம் போயிற்று.

"ஆத்தா, அசையாதீங்க. நாலு எண்ணுறவரைக்கும்."

"சரிப்பா, அசையல" என்று வாயசைத்தார். இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் ஈ. நான்காவதில், "மாப்பிள யாருன்னு சொல்லவே இல்லையே?" ஐந்தாவதில் தாம்பாளம் பிடித்தவள் சிரித்து, வெளிச்சம் கூரைக்கு ஓடியது. ஆறும் ஏழும் எப்படிப் போயின என்று எவருக்கும் தெரியாது. மிஞ்சியது ஒன்று. மிராசுதாரை நிறுத்திய அந்தச் சொல் இங்கே செல்லவில்லை.

இருளாயி குனிந்து மெதுவாகச் சொன்னாள். "ஆத்தா, அந்தப் பொட்டிக்கு அங்கிட்டு ஒங்க மகன் ஒக்காந்துக்கிட்டு ஒங்களப் பாக்குறான்."

முத்துமாரியம்மாள் திரும்பினார். கண் பைச்சிறியானின் கண்ணில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தெருவில் சூரியனும் அசையவில்லை போலிருந்தது. திசைகள் முழங்கின! தேவர் வாழ்த்தினர்! தாம்பாளங்கள் எல்லாம் ஒருமிக்கத் தாழ்ந்தன!

அன்றிரவே ரத்தினவேலர் இருட்டறையில் கழுவி உலர்த்திய அந்தப் படத்தை, சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் குழந்தைசாமி எடுத்துக்கொண்டு போனார்.