மகான் சட்டைக்கு வந்த நோய்

வாடகை மண்டபத்தின் வாசலில் செருப்புகள் மலையாய்க் குவிந்திருந்தன. உள்ளே, எச்.ஐ.வி.யை அடியோடு விரட்டும் நீலத்துணி மகான். உலகத்து ஆராய்ச்சிக்கூடங்கள் எல்லாம் இத்தனை வருடம் என்ன செய்தனவோ, பாவம்.

மகானின் சோதனை எளிது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் அவருடைய பழுப்புத் தீர்த்தம். துணி நீலமானால் கிருமி இருக்கிறது. நாற்பது நாள் அவர் பொடியைத் தின்று வந்தால் நீலம் வராது. ஒரே நிபந்தனை: ஆஸ்பத்திரி மாத்திரையை அவர் காலடித் தொட்டியில் போட்டுவிட வேண்டும்.

வரிசையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். இருபத்திரண்டு வருடமாக ஒருநாளும் மாத்திரை தவறாதவர். கிருமி அடங்கிக் கிடக்கிறது, மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடங்காதவை முட்டிவலியும் சர்க்கரையும்தான். வயதானால் யாருக்கும் வருபவை. அவரோ பழியை மாத்திரைமேல் போட்டார்.

"முடியலம்மா. டப்பாவைத் திறந்து திறந்தே கிழவனாயிட்டேன்."

"கிழவனாகணும்னுதானே இத்தனை வருஷமா திறந்தோம்?" என்றாள் மனைவி. தையல் வேலை செய்பவள்.

அவர் முறை வந்தது. மகான் முன் உட்கார்ந்து, விரலைக் குத்தி ஒரு சொட்டு விட்டார். துணி நீலமானது. கூட்டம் உச்சுக்கொட்டியது. டிரைவரின் கை டப்பாவோடு தொட்டிக்கு நீண்டது.

மனைவி மேசையிலிருந்த துணிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். முப்பது வருடப் பழக்கம், கை சும்மா இராது.

"ஏங்க, கொஞ்சம் இருங்க. சாமி, புதுசா வர்றவங்க துணி மொடமொடன்னு கஞ்சி போட்டிருக்கு. நாற்பது நாள் ஆனவங்க துணி அலசி விட்டிருக்கே, ஏன்?"

அது தெய்வ ரகசியம் என்றார் மகான். அவள் அலசிய துணியை எடுத்து, கணவரின் விரலை அதில் ஒற்றி, தீர்த்தத்தை விட்டாள். நீலம் வரவில்லை. ஒரு சிட்டிகை பொடிகூடத் தின்னாமல் டிரைவர் அரை நிமிடத்தில் குணமாகிவிட்டார்!

மகான் பதறிப்போய்க் கிண்ணத்தைப் பிடுங்கினார். தீர்த்தம் அவருடைய கஞ்சி போட்ட சட்டைமேல் சிந்தியது. சட்டைக்கை கருநீலமானது. தீர்த்தம் என்பது புண்ணுக்குப் போடும் அயோடின்தான்; கஞ்சியில் பட்டால் அப்படித்தான் ஆகும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் அதை விட்டுப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இருந்தார்கள்.

"அடடா, உங்க சட்டைக்கும் வந்துடுச்சே சாமி. பொடியை இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் மகான் பின்வாசல் வழியே மறைந்தார். டிரைவர் டப்பாவைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மெல்ல எழுந்தார். மற்றவர்கள் தொட்டியில் தங்கள் மாத்திரைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு முழத் துணி வாங்கினாலும் தடவிப் பார்க்கிறோம். உயிரை ஒப்படைக்கும்போது மட்டும் ஏனய்யா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்?