பாராட்டிய அம்மாள் கழற்றிக்கொண்டு போன கத்தரிக்காய்ப் படம்

இர்பித், வியாழன், நண்பகல் தொழுகைக்குப் பின்

அன்புத் தம்பி நாயிஃபுக்கு அக்கா ரஸ்மியா எழுதுவது. இறைவனின் சாந்தி உன்மீது நிலவட்டும்; பாரிஸ் குளிரில் நெஞ்சுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

சம்பவம் நடந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் மச்சான் காலிப், எதிர்வீட்டு உம்மு ஸுஹைர், டென்மார்க் அருங்காட்சியகத்திலிருந்து வந்த கிர்ஸ்டன் அம்மாள். மச்சானின் மாமாவும் இருந்தார். குறட்டை விட்டதால் சாட்சியாகச் சேர்க்கவில்லை.

உன்னைக் கைப்பேசியில் பின்தொடரும் பன்னிரண்டு லட்சம் பேரில் அந்த அம்மாளும் ஒருவர். நீ வரைந்து என் பொறுப்பில் விட்டுப்போன கத்தரிக்காய்க் கூடைப் படத்தை நேரில் பார்க்கத்தான் வந்தார். அடுத்த மாதம் நடக்கும் உன் கண்காட்சியின் நடுச்சுவர் அதற்கென்று நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மக்லூபா சோற்றைப் பானையோடு தட்டில் கவிழ்த்துப் போட்டு உபசரித்தேன். நம் மொழியை அழகாகப் பேசினார். 'உங்களுக்கே' என்று நீட்டினால் 'வேண்டாம்' என்று மறுக்கும் நம் மரியாதையைத்தான் யாரும் கற்றுத்தரவில்லை. காப்பிக் குவளையைப் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்றார். "உங்களுக்கே" என்றேன். பையில் போட்டுக்கொண்டார். தலையணை உறையைப் பாராட்டினார். அதுவும் பைக்குள் போனது. உம்மு ஸுஹைர் என் காதில், "அடியே, இவ வேண்டாம்னு சொல்லவே மாட்டேங்கிறாளே! உன் புருஷன் மீசையைப் பாராட்டிடப் போறா, பார்த்துக்கோ" என்றாள்.

பிறகு உன் படத்தின் முன் நின்று கண்கலங்கினார். "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல." வாயைத் திறக்காதே என்று மச்சான் எனக்குக் கண்ணைக் காட்டினார். விருந்தாளி பாராட்டும்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் நம் குடும்பத்து மானம் என்னாவது? "உங்களுக்கே" என்றேன். நெஞ்சில் கைவைத்தார். அப்பாடா, மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதே கையால் ஆணியிலிருந்து கழற்றினார்.

"ஏங்க, தடுங்களேன்!"

"நீதானே குடுத்த? இப்ப கார்வரைக்கும் ஒரு கை பிடிக்கச் சொல்றாங்க" என்று மறுமுனையைத் தூக்கிக்கொண்டு போனார் உன் மச்சான்.

அந்த அம்மாளின் அருங்காட்சியகச் சுவரில் படம் தொங்குவதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு நீ கொதித்துப்போய் அழைத்தபோது, நான் தொழுதுகொண்டிருப்பதாக மச்சானைச் சொல்லச் சொன்னேன். பொய். அதற்குப் பரிகாரமாக மூன்று நோன்பு பிடித்துவிட்டேன். உடன்பிறந்தவள் பேச்சே வேண்டாமென்று இருந்துவிடாதே. உன் நடுச்சுவரைக் காலியாக்கிய பாவியை மன்னித்துவிடு. அல்லாஹ் உன் கைகளுக்குப் பலம் தரட்டும்.

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டும் முன் அலமாரியை நகர்த்திப் பெருக்கினேன். பின்னால் உன் படம் துணிசுற்றிப் பத்திரமாக இருக்கிறது! பொரிக்கும் புகை படக் கூடாதென்று போன குளிர்காலத்தில் எடுத்துவைத்துவிட்டு, நீ மிச்சம் வைத்த வண்ணத்தில் அதைப் பார்த்து நானே ஒன்று போட்டு மாட்டியது, மகளின் பிரசவ அமளியில் மறந்தே போயிற்று. உன்னுடையதில் ஆறு காய்கள். நம் வீட்டுக்குப் போதாதென்று நான் ஒன்பது போட்டிருந்தேன். பன்னிரண்டு லட்சம் பேருக்குத் தெரியவில்லை, சரி, உனக்குமா தெரியவில்லை? கிர்ஸ்டன் அம்மாள் இன்னொரு படம் கேட்டு எழுதியிருக்கிறார். உண்மையைச் சொல்லவா, அடுத்ததைப் போடவா? சீக்கிரம் பதில் எழுது.