காக்காப்பொன் முதலாளி

சுரங்க முதலாளிகளில் இரண்டு இனம் உண்டு. குழி தோண்டி, பாறை உடைத்து, நட்டமோ லாபமோ பார்க்கிறவர்கள் ஓர் இனம். ஒரு சாண் குழிகூடத் தோண்டாமல் முதலாளி ஆகிவிடுகிறவர்கள் மற்றது. இந்த இரண்டாவதை எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் தாராளமாகப் பார்க்கலாம். அடையாளம் சுலபம். சட்டைப்பை ஒரு பக்கமாகத் தொங்கும். உள்ளே கல்.

இப்படிப்பட்ட முதலாளி கல்யாணப் பந்தியில் இலையில் பாயசம் விழுகிற நேரத்தில்கூட அதை எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டி, என்னவென்று கேட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று முடித்துவிடுவார். இப்படித் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, பஞ்சாயத்தே சேர்ந்து அந்த ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

நான் மைனிங் இன்ஜினியரிங் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நாலு வருசப் படிப்பின் சாரம் இவ்வளவுதான்: மண்ணுக்குள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், உடைத்து, அரைத்து, பிரித்தெடுக்கிற செலவு போக மீந்தால் அது தாது, மிஞ்சாவிட்டால் வெறும் கல். இதை அந்த முதலாளியிடம் சொல்லிப் பாருங்களேன். புஸ்தகம் வேறு, பூமி வேறு என்பார்.

இந்தக் கோடையில் எங்கள் ஊர்க் குப்பண்ணனின் தென்னங்காட்டில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். எழுபது தென்னையும் குருத்து வாடி நின்றன. இந்த வாரம் தண்ணீர் வராவிட்டால் மரத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர் மனைவி காளியாத்தாள் சொல்லியிருந்தார். ஐநூற்றிருபது அடியில், துளை போடுகிற ரிக் வண்டி கக்கிய தூளில் ஏதோ மின்னியது. குப்பண்ணன் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினார். மேற்கொண்டு ஓட்டினால் தங்கத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுமாம்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சிட்டிகை எடுத்து ஊதினேன். ஏடு ஏடாகப் பறந்தது. மைக்கா, நம்ம ஊர்ப் பேச்சில் காக்காப்பொன் என்றேன்.

"பொன்னுன்னு உங்க வாயிலயே வந்துருச்சு பாருங்க தம்பி" என்றார் குப்பண்ணன்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா? சுரங்கக் கம்பெனிக்கு மகள் யோகப்பிரியாவின் பெயர்தான் என்று ரிக்காரரிடம் அறிவித்துவிட்டு, தூளை டப்பாவில் அடைத்துக்கொண்டு, எந்த ஆபீசில் லீஸ் கேட்பது என்றுகூடத் தெரியாமல் பாலக்காட்டு பஸ் ஏறிவிட்டார்.

ரிக்காரர்கள் குழாயை மேலே இழுக்கப் போனார்கள். காளியாத்தாள் குறுக்கே வந்து நின்றார்.

"தங்கத்தக் கரைச்சு ஊத்துனாத் தென்னை பொழைக்குமாங்க? நீங்க ஓட்டுங்க. அவரு வந்தா நான் பேசிக்கறேன்."

ஐநூற்றெண்பதில் தண்ணீர் பீறிட்டது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய குப்பண்ணன் கண்டது, ஒவ்வொரு தென்னைக்கும் மினுமினுத்தபடி பாய்ந்துகொண்டிருந்த சேற்றுத் தண்ணீரை.

"எஞ் சொத்தையெல்லாம் மரத்துக்குப் பாய்ச்சிட்டாளே" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நடுவில் ஓரிடத்தில், அந்த இன்ஜினியர் பையன் சரியாகத்தான் பார்த்தானா என்று உங்களுக்கும் ஒரு நொடி தோன்றியதல்லவா? தோன்றியிருந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் காட்டில் போர் போடுகிற அன்று நீங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு வீட்டம்மாவை அனுப்பிவையுங்கள்.