எடை மேடையில் என் வீட்டுக்காரர்

"இந்த ஜீப்பு தலையில ஒரு துரும்பு ஏறக்கூடாது. சொல்ட்டேன்!"

என் வீட்டுக்காரர் பூவராகவன் காபி வருவதற்கு முன்பே சபதம் போட்டுவிட்டார். கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் லாரிகளுக்கு எடை போடும் மேடையிலேயே காலம் கழித்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஜீப் வாங்கினார். காடு, மலை எல்லாம் ஏறுமாம். இதுவரை ஏறியது எங்கள் தெரு வேகத்தடை மட்டும்தான்.

எனக்கு வேண்டியது ஜீப்பின் மேலே ஒரு கேரியர். மகள் இளமதிக்கு வேலை நிரந்தரமானால் ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தம்மாவுக்கு மூன்று பானை பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தேன். ஆகிவிட்டது, அம்மன் புண்ணியம். மகன் குடும்பமும் வருகிறது. உள்ளே ஆட்கள் உட்கார்ந்தால் பானை, விறகு, அரிசி, தார்ப்பாய் எல்லாம் எங்கே போகும்?

அவருக்கு வேண்டியதோ முன்னால் ஒரு இரும்பு பம்பர், வண்டியின் வயிற்றுக்கு அடியில் தடிமனாக ஒரு தகடு.

"இன்னாத்துக்குங்க அது?"

"காட்ல யானை வந்து முட்டிச்சுன்னா?"

"நம்ம ரோட்ல டிரெய்லர் லாரிதானேங்க வருது? அது முட்டினா பம்பரும் நீங்களும் ஒண்ணாதான் நசுங்குவீங்க."

"பானைய அங்கியே வாடகைக்கு எடுத்துக்கலாமே!"

"வேண்டுதலையும் வாடகைக்கு எடுத்துக்கலாமா?"

உண்மைக் காரணம் எனக்குத் தெரியாதா? கேரியர் வந்துவிட்டால் திருவாலங்காட்டில் இருக்கும் என் தம்பி சின்னதுரையின் நெல் மூட்டையிலிருந்து அவன் மாமியார் கட்டில் வரை அதில்தான் ஏறும் என்று பயம்.

மெக்கானிக் ஸ்டீவன் வந்து குனிந்து பார்த்தான்.

"ரெண்டும் போடலாம் சார். ஆனா வண்டி தாங்கற வெயிட்டுன்னு ஒண்ணு கீது. அத தாண்டினா ஸ்பிரிங் ஒக்காந்துடும்."

இவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. பம்பரும் தகடும் அன்றைக்கே ஏறிவிட்டன.

"கேரியர மாட்டி, எல்லாத்தையும் ஏத்தி, எடை மேடையில நிறுத்துவோம். மேடை சொல்றத நானும் கேக்கறேன், நீயும் கேக்கணும்."

"சரிங்க" என்றேன். மனசுக்குள் தாயே என்றேன்.

சனிக்கிழமை ஜீப் அவருடைய பழைய மேடையில் போய் நின்றது. மேலே பானைகள், விறகு. உள்ளே நான், இளமதி, மகன் குடும்பம். ஸ்டீயரிங்கில் அவர்.

"தொண்ணூறு கிலோ ஜாஸ்தி!" என்று துள்ளினார். "பாத்துக்கினியா? கேரியர கழட்டு!"

அம்மனுக்கு என்ன பதில் சொல்வேன்? அப்போதுதான் பார்த்தேன். இதே மேடையில் வருஷக்கணக்காக இவர் தொண்டை கிழியக் கத்தியது ஒன்றே ஒன்றுதான். 'டிரைவர் எறங்கு!' ஆள் எடை லாரிக் கணக்கில் சேரக்கூடாதாம். தூக்கத்தில்கூடச் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷர் இன்றைக்கு மட்டும் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னாங்க, டிரைவர் எறங்க வேணாமா?"

"அது லாரிக்குத்தான்மே!"

இவர் வேலை கற்றுக்கொடுத்த பெண் கல்பனாதான் இப்போது அந்த மேடைக்கு அதிகாரி. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"சார், உங்க ரூல்தானே சார்? எறங்குங்க சார். பின்னாடி லாரி நிக்குது!"

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் இறங்கினார். என் கைப்பக்குவத்தில் நூறு கிலோவைத் தாண்டி வளர்ந்த உடம்பு. எண் சர்ரென்று கீழே வந்தது.

"அளவுக்குள்ள வந்துட்ச்சும்மா!" என்றாள் கல்பனா.

"அய்யய்யோ, ஓட்ற ஆளு இல்லாம வண்டி எப்டிம்மா போவும்? அந்த வெயிட்ட யாரு சேக்கறது?"

"நான் ஓட்றேன்பா" என்று இளமதி முன்சீட்டிலிருந்து ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்தாள். "நான்தான் ஏற்கெனவே வெயிட்ல கீறனே! மேடை சொன்னா கேப்பேன்னு சொன்னீங்களே?"

நானா? புருஷனை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

ஆடி ஞாயிறு. பெரியபாளையம் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. எங்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எங்கள் கேரியரைப் பார்த்துக் கத்தினார்:

"இந்தாமே! அந்த வெறகுக்கட்ட கொஞ்சம் தள்ளி, ஓரமா எனக்கு ஒரு எடம் போடுமே!"